நூலகத்தின் சாவி யாரிடம்?

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய உங்களோடு பேசக் கிடைத்த இவ்வாய்ப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். காரணம், நானும் ஒரு வகையில் உங்களைச் சேர்ந்தவன். எனது ஊர் ஆரியங்கோடு. திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாற்றின்கரைப் பகுதியில் உள்ளது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் தமிழ் மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. ஆகவே வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமுமாக வளர்ந்தவர்கள் நாங்கள். மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றுகிறேன். கலைப் பட்டதாரியேயன்றிக் கணிப்பொறி நூல் கற்றவன் அல்லேன். எனினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கணிப்பொறியைத் தொட்டதுதான். நூலகங்களுக்குச் செய்தி வழங்கும் இணையத் தரவுத்தளத் தொழிலில் நிகழ்ந்துவரும் மாறுதல்களே அப்பொருள். இது நூலகர்களின் கவலை மட்டுமன்று, பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஒவ்வொரு வீட்டின் கவலையுமாகும். அதனைக் காட்ட எங்கள் வீட்டு நிகழ்ச்சியொன்றோடு தொடங்குகிறேன்.

என் தமக்கையின் மகள் முதுகலைப் படிப்பை முடித்து ஊருக்கு வந்திருந்தாள். நெய்யாற்றின்கரை வட்டத்துத் தமிழ்ப் பேச்சைப் பற்றி ஆராய வேண்டும் என்பது அவளது ஆவல். ஒரு நாள் மாலை கணிப்பொறியின் முன் அமர்ந்தவள், திடீரென்று என்னை அழைத்தாள்.

“மாமா, நேற்றுவரை திறந்த கதவு இன்றைக்குத் திறக்க மாட்டேன் என்கிறது.”

“கடவுச்சொல்லைத் தப்பாக அடித்திருப்பாய், மக்களே. மறுபடி அடித்துப் பார்.”

“இல்லை மாமா. படிப்பு முடிந்துவிட்டதல்லவா? பெயரை எடுத்துவிட்டார்கள்.”

நடந்தது இதுதான். அவள் பயின்ற கல்லூரி நூலகம் ஆண்டுச் சந்தா செலுத்தி ஒரு தரவுத்தளத்தைப் பெற்றிருந்தது. மாணவியாக இருந்தவரை அதிலுள்ள ஆய்விதழ்கள் அனைத்தும் அவளுக்குத் திறந்திருந்தன. மாணவி என்னும் பெயர் நீங்கிய அன்றே அவை மூடிக்கொண்டன. எங்கள் ஊரைச் சுற்றியுள்ள பேச்சைப் பற்றிய கட்டுரையொன்றில் அவள் பாதி படித்திருந்தாள். மீதிப் பாதியைப் படிக்க வேண்டுமானால் வெளிநாட்டு நாணயத்தில் விலை கேட்டது அந்தத் திரை. நம் வீட்டு முற்றத்துப் பேச்சைப் பற்றிய கட்டுரைக்குக் கடல் கடந்த ஒருவரிடம் சாவி இருக்கிறது! இஃது எவ்வாறு நேர்ந்தது?

தரவுத்தளம் என்றால் என்ன என்பதை முதலில் பார்ப்போம். பழைய நூலகங்களில் இழுப்பறைகள் நிறைந்த மரப்பெட்டி ஒன்று நிற்கும். ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அட்டை. ஆசிரியர் பெயரால் தேடலாம், பொருளால் தேடலாம். அந்த அட்டைப் பெட்டியைத்தான் கணிப்பொறிக்குள் வைத்தார்கள். மருத்துவக் கட்டுரைகளுக்கான அச்சுப் பட்டியல் ஒன்றை அமெரிக்காவில் ஜான் ஷா பில்லிங்ஸ் என்பவர் 1879-இல் தொடங்கினார். அதே பணி 1964-இல் கணிப்பொறிக்கு மாறியது. 1971-இல் தொலைவிலிருந்தே தேடத்தக்க மெட்லைன் ஆயிற்று. அடுத்த ஆண்டு, 1972-இல், டயலாக் என்னும் சேவை வணிக முறையில் விற்பனைக்கு வந்தது. அதனை உருவாக்கியது நூலகமன்று. லாக்ஹீட் என்னும் விமானக் கம்பெனி.

அந்நாளில் தேடுவது எளிய காரியமன்று. நூலகர் தொலைபேசித் தொடர்பின் வழியாகத் தொலைவிலுள்ள பெருங் கணிப்பொறியை அழைப்பார். தொடர்பில் இருக்கும் நேரத்துக்கேற்பக் கட்டணம் ஏறும். ஆகவே கேட்க வேண்டிய சொற்களையெல்லாம் முன்னதாகவே தாளில் எழுதி, அடித்துத் திருத்தி, பிறகே இணைப்பை எடுப்பார். வாடகை வண்டியில் ஏறியவன் மீட்டரைப் பார்த்துக்கொண்டே செல்வதைப் போன்றது அது. பின்னர்க் குறுந்தகடுகள் வந்தன. ஒரு முறை பணம் கட்டினால் எத்தனை முறையும் தேடலாம் என்றாயிற்று. 1990-களில் இணையம் பரவியபின் பட்டியலோடு கட்டுரையும் முழுமையாகத் திரைக்கு வந்துவிட்டது. 1997-இல் அமெரிக்க அரசின் மருத்துவ நூலகம் தன் பட்டியலை இணையத்தில் யாவர்க்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. இன்று ஆரியங்கோட்டில் இருந்துகொண்டு நள்ளிரவிலும் அதனைப் பார்க்கலாம். இது மாறுதலின் நல்ல பக்கம்.

மற்றொரு பக்கமும் உண்டு. முன்பு ஒரு நூலகம் ஓர் இதழுக்குச் சந்தா கட்டினால், வந்த இதழ்களைத் தொகுத்துக் கட்டடம் செய்து அலமாரியில் வைக்கும். பத்து ஆண்டு கட்டிப் பதினோராம் ஆண்டு பணமில்லாமல் நிறுத்தினாலும், பத்து ஆண்டின் தொகுதிகள் அலமாரியில் இருக்கும். இன்றோ, ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்கினாலன்றி, சந்தா நின்ற நாளே பழைய இதழ்களும் கண்ணுக்கு மறைந்துவிடும். சொந்த வீட்டில் இருந்தவன் வாடகை வீட்டுக்குக் குடிபோன கதை இது. வாடகை வீட்டிலும் விளக்கு எரியும், தண்ணீர் வரும். ஆனால் அவ்வீட்டைப் பிள்ளைகளுக்கு வைத்துப் போக முடியுமா? வேற்றூரில் வாடகைக்கு இருக்கும் உங்களுக்கு நான் இதனை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

வாடகை வீட்டின் சொந்தக்காரர் ஒருவராக நிலைத்திருந்தாலும் பாதகமில்லை. இத்தொழிலில் சொந்தக்காரர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். முன்சொன்ன டயலாக் சேவையையே பாருங்கள். விமானக் கம்பெனியிடமிருந்து 1988-இல் நைட் ரிடர் என்னும் செய்தித்தாள் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 1997-இல் மெய்டு என்னும் ஆங்கில நாட்டுக் கம்பெனிக்கு, 2000-இல் தாம்சனுக்கு, 2008-இல் புரோகுவெஸ்டுக்கு என்று கைமாறியது. அந்தப் புரோகுவெஸ்டின் வரலாறும் சுவையானது. அரிய நூல்களை நுண்படம் எடுத்துக் காக்கலாம் என்னும் எண்ணத்தோடு 1938-இல் யூஜின் பவர் என்பவர் தொடங்கிய சிறு முயற்சியே வளர்ந்து இந்நிறுவனமாயிற்று. அதனையும் 2021-இல் கிளாரிவேட் என்னும் நிறுவனம் 500 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கிவிட்டது. சிறு கடைகள் பல இருந்த தெருவில் இரண்டு மூன்று பெருங்கடைகளே எஞ்சினால் விலையை யார் முடிவு செய்வார்?

2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிளாரிவேட் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. நூலகங்கள் ஒரே முறை விலை கொடுத்து நூல்களையும் மின்னூல்களையும் நிலையாக வாங்கிக்கொள்ளும் முறையை நிறுத்திச் சந்தா முறைக்கே செல்லப் போவதாகக் கூறியது. உலகெங்கும் நூலகர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதன்பின் அக்கெடுவை 2026-ஆம் ஆண்டு சூன் முடிய நீட்டித்தது. கெடு நீண்டதேயன்றிக் கொள்கை மாறவில்லை. விற்பவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. கணிப்பொறிகளைப் பராமரிக்கவும், புதிய கட்டுரைகளை நாள்தோறும் சேர்க்கவும் செலவு உண்டு. சிறு நூலகம் ஒன்று குறைந்த தொகையில் பெருந்தொகுப்பைக் காணவும் சந்தா முறை உதவும். ஆயினும், வாங்கிக்கொள்ளும் வழியும் இருந்தால்தான் நூலகம் தன் காலில் நிற்கும்.

நம் நாட்டு நிலையைப் பார்ப்போம். 1952-இல் டில்லியில் இன்ஸ்டாக் என்னும் அறிவியல் ஆவண நிலையம் யுனெஸ்கோவின் உதவியோடு நிறுவப்பட்டது. வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படியெடுத்துத் தருவதோடு, பிறமொழிக் கட்டுரைகளை மொழிபெயர்த்துத் தருவதும் அதன் பணிகளுள் ஒன்று. மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவது. பின்னர்ப் பல்கலைக்கழக நூலகங்களை இணைக்க இன்பிளிப்நெட் என்னும் அமைப்பு தோன்றியது. இதன் இருப்பிடம் குஜராத்திலுள்ள காந்திநகர். தனித்தனியே பேரம் பேசிய நூலகங்களுக்காக ஒருவரே சேர்த்துப் பேசும் வழக்கம் இவ்வாறு வளர்ந்தது.

இவ்வழக்கத்தின் பெரிய வடிவமே ஒரே நாடு ஒரே சந்தா என்னும் திட்டம். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு. 30 வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குக் கிடைக்கும். பயன்பெறுவோர் சுமார் 1 கோடியே 80 இலட்சம் பேர். கணக்கிட்டுப் பார்த்தால் தலைக்கு ஆண்டுக்கு 1,100 ரூபாய்க்குச் சற்று அதிகம். தனிப்பட்ட மாணவன் ஒருவன் ஒரே ஒரு கட்டுரையை விலைக்கு வாங்கினாலும் இதற்கு மேல் ஆகக்கூடும். ஆகவே இது நல்ல ஏற்பாடுதான் என்பதில் ஐயமில்லை.

ஆனால் என் மருமகளின் கேள்வி இதனால் தீரவில்லை. அரசுக் கல்லூரியில் பயில்கிறவனுக்குக் கதவு திறக்கிறது. பயின்று முடித்து வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு? கிராமப் பள்ளி ஆசிரியருக்கு? ஓய்வுபெற்ற பின் ஊர் வரலாறு எழுத முனையும் எழுத்தருக்கு? எங்கள் பகுதியில் ரப்பர் பால் வெட்டி முடித்துப் பகலில் வாசகசாலையில் வந்து அமரும் உழைப்பாளிகள் இருக்கிறார்கள். கேரளத்தில் பி. என். பணிக்கர் 1945-இல் தொடங்கிய கிரந்தசாலை இயக்கம் இத்தகையோருக்காகவே ஊர்தோறும் நூலகம் கண்டது. 1989-இல் கேரளத்தில் பொதுநூலகச் சட்டமும் இயற்றப்பட்டது. அதற்கு 41 ஆண்டுகளுக்கு முன்பே, 1948-இல், சென்னை மாகாணம் விடுதலை பெற்ற இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொதுநூலகச் சட்டம் கண்டது. இவ்விரு மாநிலங்களிலும் நாம் கட்டும் வரியில் நூலக வரியும் சேர்ந்திருக்கிறது. வரி கட்டுகிறவன் வாசலில் நிற்கிறான். நூலோ திரைக்குப் பின்னால் இருக்கிறது.

சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். நூல் என்பது பூட்டிவைப்பதற்கன்று, எடுத்துப் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதியின் கருத்து. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்திருந்தனர். அச்சங்கிலிகளைக் கழற்ற நூற்றாண்டுகள் ஆயின. கடவுச்சொல் என்னும் சங்கிலி கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

இனி, தமிழுக்கு வருகிறேன். பெரிய தரவுத்தளங்களுக்குள் நுழைந்துவிட்டாலும் தமிழைக் கண்டுபிடிப்பது எளிதன்று. இது நான் என் தொழில் வழியாக அறிந்த செய்தி. மனோன்மணீயம் எழுதிய சுந்தரம் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். திருவனந்தபுரத்தில் பேராசிரியராக விளங்கியவர். அவர் பெயரை ஆங்கில எழுத்தில் ‘எஸ்’ என்று தொடங்கி எழுதுவது நம் வழக்கம். அமெரிக்க நூலகங்கள் பின்பற்றும் முறையிலோ, தமிழின் சகரத்துக்கு எப்பொழுதும் ‘சி’ என்னும் ஆங்கில எழுத்தே வரும். ஆகவே ‘எஸ்’ வரிசையில் தேடுகிறவன் வெறுங்கையோடு திரும்புவான். பெரியவரோ ‘சி’ வரிசையில் அமைதியாக அமர்ந்திருப்பார். எங்கள் நெய்யாற்றின்கரைக்கும் இதே கதிதான். தமிழில் ஒரு விதம், மலையாளத்தில் ஒரு விதம், ஆங்கில வரைபடத்தில் ஒரு விதம். நூல் இல்லாமற் போவது ஒரு குறை. இருந்தும் பெயர் பொருந்தாமற் போவது அதனினும் பெரிய குறை. இப்பொழுது கேட்ட கேள்விக்குத் தானே விடை எழுதித் தரும் செயற்கை அறிவுக் கருவிகளையும் தரவுத்தளங்களில் சேர்த்து வருகிறார்கள். உள்ளே எது கிடக்கிறதோ அதிலிருந்துதான் அவை விடை தரும். தமிழ் உள்ளே குறைவாக இருந்தால் விடையிலும் தமிழர் குறைவாகத்தான் தோன்றுவர்.

இதனை முன்கூட்டியே உணர்ந்த சிலர் நம்மிடையே இருந்தனர் என்பது ஆறுதல். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் தம் வாழ்நாளெல்லாம் நூல்களையும் இதழ்களையும் நாடக அறிவிப்புகளையும் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பின் அத்தொகுப்பே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று பல நாட்டுத் தமிழர்கள் ஒன்றுகூடி மதுரைத் திட்டத்தைத் தொடங்கினர். ஊதியம் கருதாமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இணையத்தில் ஏற்றினர். 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரோடு பெரியதொரு மின்னூலகத்தை அது நடத்துகிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்த இழப்பை மறவாத ஈழத்துத் தமிழர்கள் 2005-இல் நூலகம் என்னும் பெயரிலேயே இணையத் தொகுப்பொன்றைத் தொடங்கினர். இவற்றுள் எதற்கும் கல்லூரிப் பெயரைக் காட்ட வேண்டுவதில்லை. கதவு எப்பொழுதும் திறந்தே இருக்கிறது.

அவ்வாறாயின் நாம் செய்யத்தக்கவை யாவை? மூன்றே செய்திகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, உங்கள் வீட்டில் கல்லூரி மாணவர் இருப்பின், படிப்பு முடியும் நாளுக்கு முன்பே தமக்கு வேண்டிய கட்டுரைகளைக் குறித்துக்கொண்டு, விதி அனுமதிக்கும் அளவில் படியெடுத்து வைக்கச் சொல்லுங்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தரும் சோத்கங்கா இலவசமாகவே கிடைக்கிறது. காரக்பூர் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய தேசிய மின்னூலகமும் உண்டு. வெளிநாட்டு ஜேஸ்டோர் தொகுப்பும், பதிவு செய்துகொள்ளும் தனி வாசகர்க்கு ஓரளவு கட்டுரைகளை இணையத்தில் இலவசமாகப் படிக்கவிடுகிறது. பூட்டிய கதவையே பார்த்து நில்லாமல் திறந்த கதவுகளை முதலில் தட்டுவோம்.

இரண்டாவது, ஒரு பெயரைத் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலோடு நின்றுவிடாதீர்கள். தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் மூன்று நான்கு விதமாக எழுதித் தேடுங்கள். பிள்ளைகளுக்கும் இதனைக் கற்பியுங்கள். தமிழெழுத்து அறியாத பிள்ளைக்கு அரைக் கதவுதான் திறக்கும்.

மூன்றாவது, இதுவே முக்கியமானது. டில்லியிலும் பெங்களூரிலும் தமிழ்ச் சங்கங்கள் நூலகம் நடத்துகின்றன. வேறு பல நகரங்களிலும் உங்கள் சங்கங்கள் உண்டு. அவற்றின் அலமாரிகளில் ஆண்டு மலர்களும், நாடகச் சீட்டுகளும், கையெழுத்துப் பத்திரிகைகளும் உறங்குகின்றன. பிழைக்கச் சென்ற தமிழன் எவ்வாறு வாழ்ந்தான் என்பதற்கு அவையே சான்று. எந்த வெளிநாட்டுக் கம்பெனியும் அவற்றை வந்து தேடப் போவதில்லை. ஒரு விடுமுறை நாளில் நால்வர் கூடி அமர்ந்து, என்னென்ன இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். பெயர், ஆண்டு, ஊர், பக்கம், இவ்வளவு போதும். அப்பட்டியலை முன்சொன்ன மின்னூலகங்களுக்கு அனுப்புங்கள். உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி வீடு வீடாகச் சென்றார். நாம் நம் வீட்டுப் பரணையேனும் தேடக்கூடாதா?

என் மருமகளின் கதை என்னாயிற்று என்று கேட்பீர்கள். கட்டுரையை எழுதிய பேராசிரியரின் முகவரி முதற் பக்கத்திலேயே இருந்தது. “அவருக்கே ஒரு கடிதம் எழுது, மக்களே” என்றேன். தயங்கித் தயங்கி எழுதினாள். தான் இன்ன ஊரினள், இன்னது படிக்க விரும்புகிறேன் என்று நான்கு வரிகள். மூன்றாம் நாள் கட்டுரை முழுவதும் வந்துவிட்டது. அதனோடு ஒரு கேள்வியும் வந்தது. உங்கள் ஊரில் முதியோர் வழங்கும் சொற்களைத் தொகுத்துத் தர இயலுமா என்று அவர் கேட்டிருந்தார். அன்று மாலையே அவள் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு என் தாயாரின் அருகில் போய் அமர்ந்தாள். ஒரு சொல்லுக்கு ஒரு கதை என்று அம்மா சொல்லிக்கொண்டே போனார்கள். இரவு உணவு அன்று வெகு நேரம் கழித்தே நடந்தது.

அக்குறிப்பேட்டில் இதுவரை இருநூற்றுக்கு மேற்பட்ட சொற்கள் ஏறியுள்ளன. அது நிறைந்ததும் எவருக்கும் சந்தாவின்றிக் கிடைக்குமிடத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.